வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நிற்றல்

சலவை ஆலையில் துணைநிற்றல் பிரிவு என்று புதிதாக ஒன்றைத் திறந்தபோது முதலில் வாய்விட்டுச் சிரித்தவர்கள் மடிப்புக்கூடத்துப் பெண்கள்தான். காலை எட்டு மணிக்கு மேசை முன்னால் நிற்க ஆரம்பித்தால் மாலை ஐந்து மணிவரை நின்றுகொண்டே இருக்கிறவர்கள் அவர்கள். நிற்பதற்கென்று ஒரு பிரிவு, அதற்கு ஓர் அதிகாரி, அந்த அதிகாரிக்கு ஒரு சுழல் நாற்காலி என்று கேள்விப்பட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"நாம உட்கார ஸ்டூல் கேட்டோம். அவங்க நிக்கிறதுக்கு ஆபீஸ் தொறந்துட்டாங்க" என்றாள் நெட்டை.

ஸ்டூல் கேட்டு எழுதிய மனுவுக்கு அந்தப் பிரிவிலிருந்து பதில்கூட வந்தது. 'உங்கள் கோரிக்கையின் பக்கம் உறுதியாக நிற்கிறோம்' என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். ஸ்டூல் வரவில்லை. நெட்டை அந்தக் கடிதத்தை எட்டாக மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்தாள். அதன்பிறகு மேசை ஆடவில்லை என்பதால் கடிதத்தால் ஒரு பயனும் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

நெட்டைக்கு எதிரில் நின்று பெட்ஷீட் மடிப்பவள் குட்டை. பெற்றவர்கள் வைத்த பெயர் இரண்டு பேருக்கும் இருந்தது. ஆனால் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வருகிற பெட்ஷீட்டை ஓர் ஆளால் மடிக்க முடியாது. ஒருத்தி இரண்டு முனையைப் பிடிக்க, எதிரில் இன்னொருத்தி இரண்டு முனையைப் பிடிக்க வேண்டும். உதறி, நேராக்கி, நடந்து வந்து, முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒருத்தி தென்னை உயரம், இன்னொருத்தி மேசை உயரம் என்றால் துணி சரிந்துபோகும். அதனால் நெட்டை முழங்காலைக் கொஞ்சம் மடக்குவாள், குட்டை நுனிக்காலில் எம்புவாள். பதினெட்டு வருஷமாக இப்படித்தான். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை பாதி மடிப்பில் நெட்டை, "இதைக் கொஞ்சம் புடி" என்று தன்பக்கத்து இரண்டு முனைகளையும் குட்டையின் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மேற்பார்வையாளர் தூரத்திலிருந்தே ஊதினார். அவருக்கு விசில் என்றுதான் பெயர். கிட்டே வந்து நெட்டையின் உதட்டு நிறத்தைப் பார்த்தவர் ஊதுவதை நிறுத்திவிட்டு வண்டிக்குச் சொல்லி அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் இதயத்தின் வால்வு தேய்ந்துபோயிருக்கிறது என்றார்கள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அறுவை என்று நாள் குறித்தார்கள்.

நெட்டைக்கு ஒரே மகள். கடல் தாண்டி வாழ்க்கைப்பட்டவள், பிரசவமாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. போனில் அழுத மகளிடம் நெட்டை, "நீ எதுக்கு அலையிற? குட்டை இருக்கா" என்று சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை மாலை பார்வை நேரத்தில் குட்டை போயிருந்தாள். நெட்டையின் கால் கட்டிலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. கீழே விரித்திருந்தது அவர்கள் ஆலையில் வெளுத்த பெட்ஷீட். அதன் ஓரத்தைத் திருப்பிப் பார்த்த நெட்டை, "யாரு மடிச்சது இதை? ஓரமே சேரல" என்றாள்.

"நான்தான், நேத்து தனியா மடிச்சேன். பயமா இருக்காடீ?"

"போய்ச் சேர்றதுக்கெல்லாம் பயம் இல்ல. கட்டிலோட தள்ளிக்கிட்டுப் போவாங்க பாரு, அந்த நீட்டு வழிதான். மேல லைட்டு ஒண்ணு மாத்தி ஒண்ணு போய்க்கிட்டே இருக்குமாம். கண்ணாடிய வேற கழட்டிருவாங்க. கண்ணாடி இல்லன்னா எனக்கு எவ மூஞ்சியும் தெரியாது. அந்தக் கதவு வரைக்கும் நீ கையைப் புடிச்சுக்கிட்டு வா. அதுக்கப்புறம் அவங்க பாடு, என் பாடு."

"அவ்வளவுதானே? பத்து மணிக்கே வந்து நிப்பேன்."

"நிக்காத. ஸ்டூல் கிடக்கு பாரு, உட்காரு." நெட்டை சிரித்தாள். சிரிக்கும்போது மூச்சு வாங்கியது. "லீவு குடுப்பாங்களாடீ?"

"ரெண்டு மணி நேரம் குடுக்க மாட்டாங்களா? பதினெட்டு வருஷத்துல கேட்டதே இல்லையே."

கேட்டதே இல்லாததால் லீவு எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை காலை விசில் ஒரு படிவத்தைக் கொடுத்தார். 'நோயாளி உங்களுக்கு என்ன உறவு?' என்று ஒரு கட்டம் இருந்தது.

"அக்கான்னு போட்டுரு, எவன் கேக்கப்போறான்?" என்றார் விசில் தணிந்த குரலில். அவர் மோசமான ஆள் இல்லை.

"ரெண்டு பேரு காகிதமும் ஆபீஸ்லதானே இருக்கு? அப்புறம் பொய் சொன்னேன்னு வரும்."

அவள் பேனாவைக் கடித்தபடி வெகுநேரம் யோசித்தாள். கூட வேலை செய்பவள் என்று எழுதினால் நூற்று நாற்பது பேரும் அதுதான். கடைசியில் 'பெட்ஷீட்டின் எதிர்ப்பக்கம்' என்று எழுதினாள். அவளைப் பொறுத்தவரை அதைவிடச் சரியாக யாராலும் எழுதியிருக்க முடியாது.

ஒரு மணி நேரத்தில் படிவம் திரும்பி வந்தது. 'இப்படியோர் உறவு பட்டியலில் இல்லை. எனினும் ஆதரவு தேவைப்படுவதாகத் தெரிவதால் துணைநிற்றல் பிரிவை அணுகவும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

துணைநிற்றல் அதிகாரி அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். அந்தப் பிரிவு எட்டு மாதமாக நடக்கிறது. தூர தேசத்தில் வெள்ளம் வந்தபோது அந்த மக்களோடு நின்றிருக்கிறார்கள், அழிந்துவரும் தேனீக்களோடு நின்றிருக்கிறார்கள், எங்கோ பெயர் தெரியாத மலையில் வெட்டப்பட்ட மரங்களோடுகூட நின்றிருக்கிறார்கள். படங்கள் சுவர் நிறைய மாட்டியிருந்தன. நாலு சுவருக்குள் கஷ்டப்படுகிற ஒருத்தர் இதுவரை அகப்படவில்லை.

"நம்ம ஆலைக்குள்ளயே! முதல் முறையா!" என்றார் மகிழ்ச்சியை அடக்க முடியாமல். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டார். "கவலைப்படாதீங்கம்மா. நீங்க எங்க போனாலும் நாங்க உங்க பின்னாடி நிக்கிறோம்."

"எங்கயும் போக விட மாட்டேங்கிறாங்க சார், அதான் பிரச்சினை. நாளைக்குக் காலையில ரெண்டு மணி நேரம் லீவு வேணும்."

"லீவு எங்க அதிகாரத்துல இல்லம்மா. நிக்கிறது மட்டும்தான் நம்ம பிரிவு. இதை நிரப்பிக் குடுங்க, மேலிடத்துல பேசிப் பார்ப்போம்."

இன்னொரு படிவம். 'தேவைப்படுபவர்' என்ற கட்டத்தில் குட்டை தன் பெயரை எழுதினாள். லீவு தேவைப்படுவது அவளுக்குத்தானே? 'காரணம்' என்பதில் இதய வால்வு அறுவை என்று எழுதினாள். 'எப்போது' என்பதில் வெள்ளி காலை பத்து மணி என்று எழுதினாள். அதிகாரி ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தார், ஒவ்வொன்றுக்கும் தலையை ஒருபக்கமாகச் சாய்த்தார், முத்திரை குத்தி ஒரு பிரதியை அவளிடம் கொடுத்தார். முத்திரை விழுந்த காகிதத்தை லீவுச் சீட்டு என்று நினைத்து அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்தப் பக்கம் போன விசிலிடம், "நல்ல மனுஷன்தான், வீணா சிரிச்சுட்டோம்" என்றுகூடச் சொன்னாள்.

அன்று பிற்பகல் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரச் சொல்லி ஒத்திகை நடந்தது. அதிகாரி ஒரு வரைபடத்தை மாட்டி, கோலால் தொட்டுத் தொட்டு விளக்கினார்.

"நிக்கிறதுல மூணு வகை. பின்னால் நிற்றல், ஒரு கை நீளம் இடைவெளி. பக்கத்தில் நிற்றல், தோள் தோளைத் தொடக் கூடாது. மூணாவது தோள் கொடுத்தல். அதுக்கு மேலிடத்து அனுமதி வேணும், அதனால நாளைக்கு யாரும் கொடுக்காதீங்க."

அப்புறம் தலை சாய்க்கும் பயிற்சி. இஸ்திரிப் பிரிவு அக்கா ரொம்பவே சாய்த்துவிட்டாள்.

"அது துக்கம்மா. நமக்கு வேண்டியது ஆதரவு. கொஞ்சம் நிமிருங்க."

"யாருக்காக சார் நிக்கிறோம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அதை நாளைக்கு அறிவிப்போம். யாருன்னு தெரிஞ்சா சில பேருக்கு நிக்க மனசு வராது. தெரியாம நிக்கிறதுதான் சுத்தமான ஆதரவு."

நெட்டைக்காகத்தான் இவ்வளவும் என்று குட்டை நம்பினாள். நாளைக்கு அவளிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு வந்தவள் ஒன்றரை மணி நேரம் தனியாக மடித்தாள். ஒன்பதரைக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து முத்திரைக் காகிதத்தை நீட்டினாள். காவலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வெளிய போற சீட்டு இல்லம்மா. உள்ள நிக்கிற சீட்டு. பத்து மணிக்கு விழான்னு போட்டிருக்கு."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். முற்றத்தின் குறுக்கே பத்தடி நீளத்துக்கு ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். 'நாங்கள் உங்களோடு நிற்கிறோம்'. அதற்குப் பக்கத்தில் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தது அவளுடைய முகம். போன வருஷம் இரண்டு பேரையும் சேர்த்து எடுத்த படத்தைப் பாதியாக வெட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் மிச்சம் இருந்தது. அது நெட்டையின் முழங்கை.

அவள் ஓடினாள். அதிகாரி மைக்கைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், வால்வு எனக்கில்ல!"

"படிவத்துல உங்க பேருதானேம்மா இருக்கு?"

"லீவுதான் எனக்கு. ஆபரேஷன் அவளுக்கு."

அதிகாரி படிவத்தை வரவழைத்துப் படித்தார். தவறு அவருக்குப் புரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது. அதைவிடப் பெரிய ஒன்றும் புரிந்துவிட்டது என்பதும் தெரிந்தது.

"இயக்குநர் கிளம்பிட்டாரும்மா. பேனருக்கும் அனுமதி வாங்கியாச்சு. இப்ப ஆளை மாத்தினா மறுபடியும் முதல்லேருந்து வரணும். நீங்கதான் துணை நிற்கப்படுபவர். நீங்களே போயிட்டா நாங்க யாரோட நிக்கிறது?"

"அவகூட நிக்கணும்னா ஆஸ்பத்திரிக்கு வாங்க சார். என்னையாவது விடுங்க."

"ஆஸ்பத்திரியிலெல்லாம் நிக்கக் கூடாதும்மா, அவங்க வேலைக்கு இடைஞ்சல். கால் மணி நேரம்தான். பத்தேகாலுக்கு நானே உங்களை வண்டியேத்தி விடறேன்."

அவள் கணக்குப் போட்டாள். பஸ்ஸில் இருபது நிமிஷம், இறங்கி நடக்க ஐந்து நிமிஷம். பத்தேகாலுக்கு விட்டால் பத்து நாற்பதுக்குப் போய்விடலாம். பதினெட்டு வருஷம் கட்டுப்பட்டு நின்ற கால்கள் அவளுக்கு. அவை அந்த இடத்திலேயே நின்றன. இதற்காகப் பின்னால் அவள் தன்னைத் திட்டிக்கொண்ட அளவுக்கு வேறு யாரையும் திட்டியதில்லை.

இயக்குநர் பத்து இருபதுக்கு வந்தார். நூற்று முப்பத்தெட்டுப் பேர் அவளைப் பார்த்தபடி ஒரு கை நீள இடைவெளியில் நின்று தலையைச் சாய்த்தார்கள். பேனரை நம்பிய பாதிப் பேர் உண்மையிலேயே அழுதார்கள். இஸ்திரிப் பிரிவு அக்கா வரிசையை விட்டு எட்டி, "பாவி, உனக்குமாடீ? சொல்லவே இல்லையே" என்று கிசுகிசுத்தாள். தோளைத் தொடப் போனவளை அதிகாரி கண்ணால் தடுத்தார்.

இயக்குநர் பேசினார்.

"சகோதர சகோதரிகளே! துணை நிற்பது என்றால் ஏதாவது உதவி செய்வது என்று சிலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உதவி யார் வேண்டுமானாலும் செய்வார்கள். செய்த உடனே அது முடிந்துபோகும். நிற்பது அப்படியல்ல, முடியவே முடியாது. கடந்த எட்டு மாதத்தில் பதினோரு முறை நின்றிருக்கிறோம். ஒரு முறைகூட நாம் நின்ற இடத்தைவிட்டு ஓர் அடி நகர்ந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்!"

கைதட்டல்.

"இந்தச் சகோதரிக்கு இதயத்தில் பிரச்சினை என்றார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. உடனே உத்தரவிட்டேன், இன்னும் பெரிய பேனராகப் போடுங்கள் என்று. மடிப்புக்கூடத்திலிருந்து ஸ்டூல் கேட்டு ஒரு மனு வந்ததாகச் சொன்னார்கள். கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்றைக்கு இவ்வளவு அழகாக நின்றிருப்பீர்களா? நாள் முழுதும் நின்று நின்று உங்களுக்கு வந்திருக்கிற இந்தப் பழக்கம் எந்தப் பணத்தாலும் வாங்க முடியாதது!"

முற்றத்துக் கடிகாரம் அவளுக்கு நேரே இருந்தது. பத்து முப்பத்தைந்து. இரண்டு நிமிஷம் அமைதியாக நின்றார்கள். இடது பக்கம் சாய்க்க வேண்டிய தலையைச் சிலர் வலது பக்கம் சாய்த்துவிட்டதாகப் படமெடுப்பவர் முறையிட்டதால் மறுபடியும் இரண்டு நிமிஷம் நின்றார்கள். பத்து நாற்பத்தைந்துக்கு அவள் கையில் மைக்கைக் கொடுத்து நன்றி சொல்லச் சொன்னார்கள்.

"என்னை விட்டுருங்க" என்றாள் குட்டை. குரல் ஒலிபெருக்கியில் இரண்டு மடங்காகக் கேட்டது. "கையெடுத்துக் கும்பிடறேன், விட்டுருங்க. அவ தனியா கிடக்கா."

"உணர்ச்சி மேலீட்டால் சகோதரியால் பேச முடியவில்லை" என்றார் அதிகாரி மைக்கை வாங்கிக்கொண்டு. கைதட்டல் முற்றத்தையே அதிர வைத்தது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே அவள் வாசலுக்கு ஓடினாள்.

காவலாளி அவள் வருவதைப் பார்த்துச் சின்னக் கதவின் தாழ்ப்பாளை முன்கூட்டியே நீக்கிவைத்திருந்தார். சீட்டு கேட்கவில்லை. "சாலையில பஸ் வந்து நிக்குது, ஓடும்மா" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது பதினொன்று அடித்து ஒன்பது நிமிஷம். கட்டில் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. ஸ்டூல் மட்டும் இருந்தது.

"முதல் ஆபரேஷன் ஒண்ணு தள்ளிப்போச்சும்மா. அதனால பத்தே முக்காலுக்கே இவங்களைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றாள் நர்ஸ். "உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

அந்தக் கதவுக்கு வெளியே குட்டை மூன்றரை மணிவரை உட்கார்ந்திருந்தாள். மடியில் நெட்டையின் கண்ணாடி இருந்தது. பத்தே முக்காலுக்குத் தான் கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்ததை அவள் திரும்பத் திரும்ப நினைத்தாள். அந்த நேரத்தில் பிடித்திருக்க வேண்டிய கை எது என்று அவளுக்குத் தெரியும். நெஞ்சு வலிக்க அழுதாள், அழுதுகொண்டே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றரைக்கு டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றினார். வால்வை மாற்றியாயிற்று, ஆனால் நிறுத்திய இதயம் மறுபடி துடிக்கவில்லை என்றார். எவ்வளவோ பார்த்தோம் என்றார். அவர் கண் சிவந்திருந்தது. அவர் தலையைச் சாய்க்கவில்லை.

டாக்டரும் நர்ஸும் போனபிறகு, துடைப்பமும் வாளியுமாக நடைவழியைத் துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள். ஐம்பது வயசு இருக்கும்.

"காலையில போன அந்த உசரமான அம்மாவுக்கு நீங்க வேண்டியவங்களாம்மா?"

குட்டை தலையை அசைத்தாள்.

"நான் இங்கதான் துடைச்சுக்கிட்டு இருந்தேன். தள்ளிக்கிட்டு வந்தாங்க. கையை வெளிய நீட்டி நீட்டித் தேடிக்கிட்டே வந்துச்சு. 'குட்டை, வந்துட்டியா, குட்டை வந்துட்டியா'ன்னு. யாருமில்ல. எனக்குப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. துடைப்பத்தைப் போட்டுட்டுப் போய்க் கையைப் புடிச்சுக்கிட்டேன். 'வந்துட்டேன்'னு சொல்லிட்டேன். தப்பாம்மா?"

குட்டை அவள் கையைப் பார்த்தாள். "கதவு வரைக்குமா?" என்று கேட்டாள்.

"கதவு வரைக்கும். இறுக்கிப் புடிச்சுச்சு. கை ஏன்டீ இப்படி ஈரமா இருக்குன்னு கேட்டுச்சு. வேலையிலேருந்து அப்படியே ஓடி வந்தேன்னு சொன்னேன்."

"வேற ஏதாவது சொன்னாளா?"

அந்த அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "லீவு குடுத்துட்டாங்களான்னு கேட்டுச்சு. எந்த லீவு, யாரு குடுக்கணும், எனக்கு ஒண்ணும் புரியல. குடுத்துட்டாங்கன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே உள்ள போச்சும்மா."